செத்த தண்ணீர்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம். அஸ்தா ரவ்ன் ஒருநாள் வேனை ஓட்டிக்கொண்டே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தாள். பதினொரு வருஷம், நாற்பத்து நான்கு தடவை, மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம். ஒரு முழு நாள்கூட ஆகவில்லை. ஆனால் அந்த இருபத்திரண்டு மணி நேரத்தின் மேல் அவள் மனசுக்குள் கொண்டாடிய உரிமை இருக்கிறதே, கட்டிய மனைவிகூட அவ்வளவு கொண்டாடுவாளா என்பது சந்தேகம்தான்.

அவள் வேலை தண்ணீர் பிடிப்பது. குடிக்கிற தண்ணீர் இல்லை. கட்டடங்களைச் சூடாக்க நிலவறையிலிருந்து கிளம்பி, வீடு வீடாக ரேடியேட்டர்களுக்குள் சுற்றி, ஆறிப்போய்த் திரும்பவும் நிலவறைக்கே வந்து சேருமே, அந்தத் தண்ணீர். வெளியே போகாது, உள்ளே புதிதாக வராது, வருஷக்கணக்கில் அதே தண்ணீர்தான். அதை ஒரு பாட்டிலில் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, குழாயை அரிக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று எழுதித் தருவது அஸ்தாவின் கம்பெனி. யூட்லாந்து வட்டாரத்தில் நாற்பது கட்டடங்கள் அவள் கணக்கில் இருந்தன.

விவரம் தெரியாதவர்கள், இவ்வளவு பழைய தண்ணீரா, மாற்றக் கூடாதா என்று முகம் சுளிப்பார்கள். மாற்றினால்தான் ஆபத்து. புதுத் தண்ணீரில் காற்று கலந்திருக்கும், அந்தக் காற்று இரும்பைத் தின்னும். பழைய தண்ணீர் தன்னிடம் இருந்த காற்றையெல்லாம் தீர்த்துவிட்டு, சுண்ணாம்பையும் உதிர்த்துவிட்டு, யாருக்கும் தொந்தரவு தராமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு இந்தத் தொழிலில் செத்த தண்ணீர் என்று பெயர். ஒரு கட்டடத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ராண்டர்ஸ் நகரத்தில் வானம்பாடித் தோட்டம் என்ற குடியிருப்பின் தண்ணீர் அப்படிச் செத்த தண்ணீர். நான்கு கட்டடம், நூற்று எண்பத்தாறு வீடு, பதினாலாயிரம் லிட்டர். அதைக் காவல் காத்தவர் வெர்னர் பூஸ். சம்பளக் காகிதத்தில் அவருக்கு என்னவோ நீளமான பதவிப் பெயர் இருந்தது. குடியிருப்பில் எல்லோரும் பழைய பழக்கப்படி வெப்ப மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள், அவரும் அதில்தான் குளிர்ந்துபோவார். ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய ஐந்து வருஷமும் அவரும் அஸ்தாவும் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள், பிந்தைய ஆறு வருஷமும் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் இந்த ஆறு வருஷப் பேச்சில் அஸ்தாவுக்கு வேறு ஒரு ருசி வந்துவிட்டது. கணவன் விட்டுப்போய்ப் பத்து வருஷமான ஐம்பத்தொரு வயசுக்காரிக்கு ருசி வரக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அவள் குழாயடியில் குனிந்து பாட்டில் பிடிக்கும்போது வெர்னர் பக்கத்தில் நின்று வாளியைப் பிடித்துக்கொள்வார். பாட்டிலை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் கேட்பார்.

"என்ன அஸ்தா, என் தண்ணி செத்துடுச்சா?"

"சுத்தமா செத்துக் கெடக்கு, வெர்னர். மூச்சுப் பேச்சே இல்ல."

"அப்ப கேக்கை வெட்டிரலாம்."

நாற்பத்து நான்கு தடவையும் இதே மூன்று வரி. மேலே சின்ன அலுவலக அறையில் காப்பியும், தேங்காய்த்துருவல் பூசிய, கனவுக்கேக் என்று அவர்கள் சொல்லும் கேக்கும் காத்திருக்கும். காதல் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததனால் அது பத்திரமாக இருந்தது.

பிப்ரவரியில் அஸ்தா வந்தபோது நிலவறை அடையாளமே தெரியவில்லை. தரை கழுவப்பட்டிருந்தது. பித்தளை வால்வுகள் மின்னின. ஒவ்வொரு குழாயிலும் வெள்ளைச் சீட்டு ஒட்டி, குண்டு குண்டான அழகிய கையெழுத்தில் எது போவது, எது வருவது என்று எழுதியிருந்தது. வெர்னர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை உண்டு என்பதே அஸ்தாவுக்கு அன்றுதான் தெரியும்.

"இது விபெகே தோருப்," என்றார் வெர்னர். "ஜனவரியிலேர்ந்து எனக்குத் துணையா வேலை பாக்குறா. இருபது வருஷம் நார்வே கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருந்தவ."

கொதிகலனுக்குப் பின்னாலிருந்து உயரமான ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அஸ்தாவின் வயசுதான் இருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"நீதான் அஸ்தாவா! அப்பாடா, பாத்துட்டேன். இவன் காலையில எந்திரிச்சா அஸ்தா சொன்னா, சாயங்காலம் ஆனா அஸ்தா சொன்னா. எனக்குக் காதே வலிக்குது."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டு மனசு குளிர்ந்திருக்கும். அஸ்தாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். இவன். வந்து ஒரு மாதம், அதற்குள் இவன். பதினொரு வருஷத்தில் தான் ஒருமுறைகூட அவரை இவன் என்று சொன்னதில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

விபெகே பையிலிருந்து பேனா அளவில் ஒரு கருவியை எடுத்துக் காட்டினாள். "வாராவாரம் நானே பி.எச். பாத்துடறேன். ஒன்பதரை. ஆடாம அசையாம நிக்குது. நல்ல தண்ணி வெச்சிருக்கான் மனுஷன்."

"அதுல இரும்பு தெரியாது. கிருமியும் தெரியாது," என்றாள் அஸ்தா.

"தெரியாதுதான். அதுக்குத்தானே நீ வர்ற."

உள்ளதைச் சொன்னாள், பாவம். ஆனால் பொறாமை பிடித்த காதுக்கு எல்லாம் கோணலாகத்தான் கேட்கும். ஏதோ தனக்குப் பிழைப்பு போட்டுக் கொடுப்பதுபோல் அஸ்தாவுக்கு அது கேட்டது. திரும்பும் வழியில் நெடுஞ்சாலை முழுக்க அதையே மென்றுகொண்டு போனாள். வாராவாரம் பார்க்கிறாளாம். அப்படியென்றால் இனி என் தண்ணி செத்துடுச்சா என்ற கேள்விக்குப் பதில் வாராவாரம் அங்கேயே கிடைத்துவிடும். மூன்று மாதம் காத்திருந்து என்னைக் கேட்க அவருக்கு என்ன தலையெழுத்து?

பிப்ரவரியிலிருந்து மே வரை தொண்ணூறு நாள். அந்தத் தொண்ணூறு நாளும் அவள் அந்த நிலவறையில்தான் குடியிருந்தாள் என்று சொல்ல வேண்டும். ஹோப்ரோ ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பிடித்தால், இப்போது அங்கே அந்த விபெகே வெர்னருக்குப் பக்கத்தில் நிற்பாள் என்று நினைத்தாள். சாப்பாட்டு வேளையில் ரொட்டியின் மேல் ஈரல் விழுதைத் தடவும்போது, அவர்கள் இப்போது சேர்ந்து சாப்பிடுவார்கள் என்று நினைத்தாள். நினைத்து நினைத்து வயிறு எரிந்ததுதான் மிச்சம். உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாலோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டினாலோ தீர்ந்திருக்கும். அதற்குத் தைரியம் இல்லை. எரிவதற்கு மட்டும் தைரியம் தேவைப்படவில்லை.

மே மாதம் அவள் போனபோது நிலவறைச் சுவரில் புதிதாக ஒரு கரும்பலகை தொங்கியது. அதில் அந்தக் குண்டுக் கையெழுத்து:

மரண அறிவிப்பு. எங்கள் அருமைத் தண்ணீர் பதினொரு வருஷமாகச் செத்தே இருக்கிறது என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். இப்படிக்கு, வெர்னர், விபெகே.

அஸ்தா இரண்டு தடவை படித்தாள். அது அவளுடைய சொல். அவளும் வெர்னரும் மட்டும் பேசுகிற சொல். நாடு முழுக்க இந்தத் தொழிலில் இருக்கிற ஆயிரம் பேர் அதைச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது அவள் நினைவில் இல்லை. தன் வீட்டுக்குள் புகுந்து தன் படுக்கையில் யாரோ படுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

"எப்படி? விபெகே எழுதினா," என்று வெர்னர் வாய்கொள்ளாமல் சிரித்தார். "மேல பாட்டியம்மா ஒருத்தங்க இதைப் பாத்துட்டு, யாரு செத்தாங்கன்னு எனக்குப் பூங்கொத்து குடுத்துட்டாங்க."

"நல்லாயிருக்கு," என்றாள் அஸ்தா.

"நீ பாட்டிலைப் புடி. நாங்க மேல போய்க் காப்பி போட்டு வெக்கிறோம்."

நாங்க. இருவரும் படியேறிப் போனார்கள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக வாளி பிடிக்க ஆள் இல்லாமல் அஸ்தா அந்தக் குழாயடியில் குனிந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தண்ணீர் பிடிக்கிற குழாய் சுற்றோட்டத்திலிருந்து ஒதுங்கி, முட்டுச்சந்து போல ஒரு ஓரத்தில் இருக்கும். மூன்று மாதமாக அதில் தண்ணீர் ஓடியிருக்காது. வண்டலும் துருவும் அங்கே வந்து தங்கியிருக்கும். அதனால் எந்தக் கட்டடமானாலும் முதலில் வருகிற தண்ணீர் மைபோலக் கறுப்பாகத்தான் வரும். அதை அரை வாளி, ஐந்து லிட்டர், ஓடவிட்டுக் கொட்ட வேண்டும். குழாய் கைக்குச் சுடும்போதுதான் உண்மையான தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் பாட்டில். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள். எத்தனை லிட்டர் கொட்டினாய் என்று படிவத்தில் எழுதவும் வேண்டும்.

அஸ்தா குழாயைத் திறந்தாள். கறுப்பாக வந்தது. வாளி அடியில் இருந்தது. அந்த நேரம் பார்த்து மேலே விபெகே ஏதோ சொல்ல, வெர்னர் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்படி அவர் சிரித்து அஸ்தா கேட்டதே இல்லை. அவளிடம் அவர் புன்னகைப்பார். இவ்வளவு சத்தமாகச் சிரிக்க அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் வாளியைத் தள்ளிவிட்டுப் பாட்டிலை நீட்டினாள்.

கை தவறியிருக்கும், கவனம் சிதறியிருக்கும் என்று பரிந்து பேச வராதீர்கள். அவள் நன்றாகத் தெரிந்துதான் செய்தாள். கறுப்புத் தண்ணீர் கழுத்துவரை நிரம்பும்வரை பிடித்தாள், மூடினாள், துடைத்தாள். படிவத்தில் கொட்டிய அளவு ஐந்து லிட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நிதானமாக அரை வாளி ஓடவிட்டுச் சாக்கடையில் ஊற்றினாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த விபெகேயின் கை பட்ட நாலு மாதத்தில் தண்ணீர் கெட்டது என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும். மறுபடி பாட்டில் பிடிக்கச் சொல்வார்கள், அப்போது சரியாக வந்துவிடும், அதற்குள் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும். அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம்.

மேலே விபெகே வீட்டிலேயே சுட்டுக் கொண்டுவந்த இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததும் அஸ்தாவுக்கு எரிச்சலாக இருந்தது.

பத்து நாளில் ஆய்வக அறிக்கை போயிற்று. இரும்பு, இருக்க வேண்டிய அளவைப்போலப் பன்னிரண்டு மடங்கு. கிருமி எண்ணி மாளாது. எல்லாக் கட்டத்திலும் சிவப்பு. குடியிருப்போர் குழுவின் தலைவர் ஐனர் கிராக் உடனே கூட்டம் போட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், இன்னும் எல்லோரையும் ஏழாம் வகுப்பு என்றே நினைத்துக்கொண்டிருப்பவர். அஸ்தாவையும் கூப்பிட்டிருந்தார்.

"மார்ச் மாசம் வடிகட்டியைத் தொறந்து சுத்தம் பண்ணினது யாரு?" என்றார் ஐனர், அறிக்கையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான்தான்," என்றாள் விபெகே.

"அப்ப காத்து அங்கதான் பூந்திருக்கு."

"வடிகட்டியைத் தொறந்தா ஒரு குவளைத் தண்ணி வெளிய வரும். அதுக்கு இப்படி ஆகாது. கப்பல்ல இதைவிட மோசமாத் தொறந்திருக்கேன்."

"இது கப்பல் இல்லம்மா. இங்க குடித்தனம் நடக்குது."

விபெகே பொறுமையாகப் பேசினாள். "நேத்து நானே ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிச்சுப் பாத்தேன். தெளிவா இருக்கு. இன்னொரு பாட்டில் புடிச்சு அனுப்புவோம். அரை மணி நேர வேலை."

அஸ்தா இதற்காகத்தான் காத்திருந்தாள். சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெர்னர் மேஜையில் கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"வேண்டாம். பாட்டில் புடிச்சது அஸ்தா. பதினோரு வருஷமா அவ கையைப் பாத்துட்டு இருக்கேன். அவ ஒரு சொட்டு கூடக் குறைச்சு எழுத மாட்டா. இன்னொண்ணு புடிக்கச் சொன்னா அது அவளை அவமானப்படுத்துற மாதிரி. தண்ணி கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சு. எறக்கிருவோம்."

அஸ்தாவுக்கு முகம் சூடேறியது. இவ்வளவு பேர் நடுவில் அவர் தனக்காக எழுந்து நின்றுவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினொரு வருஷம் காத்திருந்ததுபோல் இருந்தது. வாயைத் திறந்தால் அது போய்விடும். அதனால் திறக்கவில்லை.

ஜூன் பதினான்காம் தேதி பழைய தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்புவது என்று முடிவாயிற்று. மாதக் கடைசியில் விபெகேயின் ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிறது, நிரந்தரமாக்குவதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐனர் சேர்த்துக்கொண்டார். விபெகே தன் கருவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பதினான்காம் தேதி காலை எட்டு மணிக்கு அஸ்தா உப்பு நீக்கிய புதுத் தண்ணீர் வண்டியோடு வந்தாள். கோடைக்காகக் குறைத்து வைத்திருந்த வெப்பத்தை அன்று விடியற்காலைதான் நிறுத்தியிருந்தார்கள், தண்ணீர் இன்னும் முழுக்க ஆறவில்லை. ஜன்னல் வழியே வெயில் தரைவரை விழுந்தது. விபெகே அடிக்குழாயில் தடித்த ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைச் சாக்கடை வாயில் வைத்தாள். வெர்னர் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு திறந்தார்.

முதலில் கறுப்பாகக் கக்கியது. வெர்னர் தலையை ஆட்டிக்கொண்டார். அரை நிமிஷத்தில் கறுப்பு சாம்பலாயிற்று, சாம்பல் மஞ்சளாயிற்று, அப்புறம் ஒன்றுமே இல்லை. வெயிலில் பளிங்காக ஓடியது. சாக்கடை வாயின் இரும்புக் கம்பி ஒவ்வொன்றும் அதன் வழியே தெரிந்தது.

பக்கத்திலிருந்த அளவைக்கருவி டக் டக் என்று எண்ணிக்கொண்டிருந்தது. இருநூறு லிட்டர். இருநூற்றைம்பது.

விபெகே ஒரு ஜாம் பாட்டிலை அதன் கீழே பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அஸ்தாவைப் பார்த்தாள்.

"அஸ்தா. அன்னிக்கு வாளியில மொதல்ல கொட்டினியா?"

"விபெகே!" என்றார் வெர்னர்.

"கேக்குறேன், அவ்வளவுதான். கொட்டாமப் புடிச்சா எந்தத் தண்ணியும் அப்படித்தான் வரும். இன்ஜின் ரூம்ல எத்தனை தடவை பாத்திருக்கேன்."

"அவகிட்ட அதைக் கேக்கவே கூடாது!" வெர்னர் கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "உன் தப்பை அவ தலையில கட்டப் பாக்குறியா? வந்து ஆறு மாசம் ஆகல, நீ அஸ்தாவைக் கேள்வி கேக்குறியா?"

விபெகேயின் முகம் வெளுத்தது. அவள் ஜாம் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

இதுதான் அஸ்தா கேட்டு வந்த வரம். சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஒரு நிமிஷம், பொய் சொல்வானேன், அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. நானூறு லிட்டர். நானூற்றைம்பது.

வெர்னர் அந்த ஜாம் பாட்டிலை எடுத்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"எனக்கு என்னமோ தெளிவாத்தான் தெரியுது, அஸ்தா," என்றார் மெல்ல. "வாடையும் இல்ல. கண்ணு போயிருச்சு போல. மூக்கும் போயிருச்சு. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியுது. இனிமே இந்த வேலைக்கு நான் லாயக்கு இல்ல போலிருக்கு."

அதைச் சொல்லிவிட்டு அவர் அந்த வெயிலில் நின்று, தன் கண்ணெதிரே ஓடுகிற நல்ல தண்ணீரைக் கெட்ட தண்ணீர் என்று நம்ப முயன்றுகொண்டிருந்தார். தன் கண்ணைவிட அஸ்தாவை அவர் நம்பினார். அறுநூறு லிட்டர்.

"மூடு," என்றாள் அஸ்தா.

"என்ன?"

"வால்வை மூடு, வெர்னர். தண்ணி நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு நான் கொட்டல. மொதல்ல வந்த கறுப்பையே பாட்டில்ல புடிச்சேன். தெரிஞ்சுதான் புடிச்சேன்."

வெர்னர் நகரவில்லை. விபெகேதான் ஓடிவந்து வால்வைத் திருகினாள். ரப்பர் குழாய் ஒருமுறை உதறிவிட்டு அடங்கியது. அளவைக்கருவியின் சத்தம் நின்றது.

"படிவத்துல அஞ்சு லிட்டர்னு எழுதியிருந்தியே," என்றார் வெர்னர். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு இடிக்கிறதே என்பதுபோல் கேட்டார்.

"பொய்."

"ஏன்?"

அஸ்தா தரையைப் பார்த்தாள். வேறு எந்தக் காரணமும் கைவசம் இல்லை. "மேல நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டு இருந்தீங்க."

விபெகேக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேலையே இல்லாத ஒரு வால்வைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். வெர்னருக்குப் புரியவில்லை. புருவத்தைச் சுருக்கி, நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"சிரிச்சோம். சரி. அதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

அஸ்தா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் நடிக்கவில்லை. பதினொரு வருஷத்தில் அந்த எண்ணம் ஒரு தடவைகூட அவர் தலைக்குள் எட்டிப்பார்த்ததில்லை. அவளிடம் அவருக்குப் பிடித்திருந்தது ஒன்றே ஒன்று, அவள் பிடிக்கிற பாட்டிலில் பொய் இருக்காது என்பது. அதைத்தான் அவள் சாக்கடையில் ஊற்றியிருந்தாள்.

"ஒரு சம்பந்தமும் இல்ல," என்றாள். "ஆபீஸுக்கு இன்னிக்கே எழுதிடறேன். அந்த அறிக்கையை ரத்து பண்ணிருவாங்க. ஐனர்கிட்டயும் நானே போய்ச் சொல்லிடறேன். விபெகே மேல ஒரு தப்பும் இல்லன்னு."

வெர்னர் தலையசைத்தார். கொஞ்ச நேரம் கையிலிருந்த ஜாம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதை ஜன்னல் விளிம்பில் கவனமாக வைத்தார்.

"விபெகே, புது பாட்டில் ஒண்ணு எடு. நீ புடி," என்றார். பிறகு அஸ்தாவின் பக்கம் திரும்பி, ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல், "நீங்க அதை எடுத்துட்டுப் போய் ஆய்வகத்துல குடுத்தாப் போதும்," என்றார்.

நீங்க. அவர்கள் நாட்டில் அரச குடும்பத்தைத் தவிர எந்த ஒற்றை ஆளையும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைக்காரரை, டாக்டரை, மந்திரியைக்கூட நீ என்றுதான் சொல்வார்கள். ஒரு மனுஷரை வாசலுக்கு அந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்றால் மட்டும் பழைய அலமாரியிலிருந்து அந்தச் சொல்லை எடுப்பார்கள். வெர்னர் அதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு இப்போது எதிரில் நிற்பது யார் என்று தெரியவில்லை, தெரியாதவர்களிடம் பேசுவதுபோல் பேசினார்.

விபெகே வாளியை வைத்து, அரை வாளி ஓடவிட்டு, குழாயைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பாட்டிலை நிரப்பினாள். வெர்னர் பக்கத்தில் நின்று வாளியைப் பிடித்துக்கொண்டார். அஸ்தா படிவத்தோடு படியோரம் நின்றாள். தேதி எழுதினாள். இடம் எழுதினாள். மாதிரி எடுத்தவர் என்ற கட்டத்தில் வழக்கம்போல் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டாள். அதை அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தோருப்... டிக்கு அப்புறம் ஹெச் உண்டா?"

"உண்டு," என்றாள் விபெகே. குரலில் குத்தலே இல்லை. பாட்டிலை நன்றாகத் துடைத்துக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். "மெல்லப் போ, அஸ்தா. வழியில எங்கயாவது நின்னு ஒரு காப்பி குடி."

அந்த அன்பைத்தான் அஸ்தாவால் பொறுக்க முடியவில்லை. ஹெச் போட்டு முழுப் பெயரையும் எழுதி முடித்தாள். பாட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.